மாத்திரை பழகிவிட்டால் அடிமையாகிவிட்டோமா?

எங்கள் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபிறகு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் மெட்டோபுரலாலும் ஒன்று. ஏழெட்டு மாதம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர், "இதெல்லாம் ரொம்ப நாள் போட்டா உடம்பு பழகிடும் மாமா, அப்புறம் அது இல்லாம இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்குக் கை காட்டினார். பெரியப்பா மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் இரவு நெஞ்சு படபடவென்று அடித்து, மார்பு இறுகி, மறுபடியும் ஆஸ்பத்திரி. வீடு திரும்பியதும் அவர் சொன்னது: "பாத்தியாடா, அவன் சொன்னது சரிதான். நான் மாத்திரைக்கு அடிமையாயிட்டேன்."

உறவுக்காரர் சொன்னதில் பாதி சரி. பெரியப்பாவின் உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகித்தான் இருந்தது. ஆனால் அவர் அடிமையாகவில்லை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு நம் பேச்சும் ஒரு காரணம். 'பழக்கம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அதிகாலையில் எழுவதையும் சொல்கிறோம், குடியையும் சொல்கிறோம், மாத்திரை உடம்போடு ஒட்டிக்கொள்வதையும் சொல்கிறோம். 'கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது' என்று மாப்பிள்ளைக்குச் சான்று கொடுக்கும்போது யாரும் காபியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளக் காபியில் தொடங்குவதுதான் வசதி.

## விரத நாளில் வரும் தலைவலி

தினமும் இரண்டு மூன்று டம்ளர் காபி குடிப்பவர் விரதத்தன்று அதைத் தொடாமல் இருந்தால் மதியத்துக்குள் தலை கனக்கத் தொடங்கும். மாலையில் நெற்றிப்பொட்டு தெறிக்கும். 'வெறும் வயிறு, பித்தம் ஏறிவிட்டது' என்பார்கள். ரமலான் மாதத்தின் முதல் சில நாட்களில் டீ குடித்துப் பழகியவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. பசிக்கும் தாகத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் காபி வராததே ஒரு முக்கியமான காரணம்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. மூளைச் செல்களின் மேல் அதற்கென்று இருக்கைகள் உண்டு. அவற்றுக்கு 'ஏற்பி' என்று பெயர். அடினோசின் போய் உட்கார்ந்தால் அசதி வரும், தலைக்குள் ரத்தக்குழாய்கள் விரியும். காபியில் உள்ள காஃபீன் ஏறக்குறைய அதே வடிவம் கொண்டது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அது முந்திக்கொண்டு அந்த இருக்கைகளில் உட்கார்ந்துவிடுகிறது. அடினோசினுக்கு இடமில்லை, நமக்கு அசதி தெரிவதில்லை.

தினமும் இப்படியே நடந்தால் மூளை சும்மா இருக்காது. கூடுதலாக இருக்கை போட்டுவிடும். பிறகு ஒருநாள் காபி வராவிட்டால், பழைய இருக்கை புது இருக்கை எல்லாவற்றிலும் அடினோசின் ஏறி உட்காரும். குழாய்கள் வழக்கத்தைவிட விரியும், தலை வலிக்கும். கடைசி டம்ளருக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் இந்த வலி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், அதிகம் போனால் 9 நாளில் அடங்கிவிடும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் இந்தக் காபித் தலைவலி முறையாக இடம்பெற்றிருக்கிறது. 'காபி அடிமை' என்றொரு நோய் அதே கையேட்டில் அங்கீகரிக்கப்படவில்லை, மேலும் ஆராய வேண்டியவற்றின் பட்டியலில்தான் நிற்கிறது. நிறுத்தினால் தலை வலிப்பது வேறு, அடிமையாவது வேறு என்பதை அந்தக் கையேடு காபியை வைத்தே ஒப்புக்கொள்கிறது.

## இடுப்பில் குடம்

காபிக்கு நடப்பதுதான் பல மருந்துகளுக்கும் நடக்கிறது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், இடுப்பில் குடம் சுமந்து வரும் பெண். இடது இடுப்பில் நிறைகுடம் இருந்தால் உடம்பு தானாக வலது பக்கம் சாயும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தச் சாய்வு இருப்பதால்தான் அவளால் நேராக நடக்க முடிகிறது. இப்போது பின்னாலிருந்து யாராவது குடத்தை வெடுக்கென்று பிடுங்கினால்? வலது பக்கமாகத் தள்ளாடுவாள்.

குடம்தான் மருந்து. உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து சமாளித்துக்கொள்வதற்கு 'உடல் சார்பு' என்று பெயர். குடம் போனதும் வரும் தள்ளாட்டத்துக்கு 'விலகல் அறிகுறி' என்று பெயர். பழைய அளவு போதாமல் கூடுதலாகக் கேட்கும் அளவுக்கு உடம்பு ஈடுகொடுத்துவிடுவதை 'தாங்குதிறன்' என்பார்கள். மூன்றுமே உடம்பின் இயல்பான வேலை. மன உறுதிக்கும் ஒழுக்கத்துக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தள்ளாட்டம் எந்தப் பக்கம் இருக்கும் என்பதையும் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மருந்து செய்ததற்கு நேர் எதிர்ப்பக்கம். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து வாரக்கணக்கில் விட்டவருக்கு, அதை நிறுத்தினால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். தூக்க மாத்திரையை நிறுத்தினால் தூக்கம் போகும். அபினியிலிருந்து எடுக்கும் கடும் வலி மருந்தான மார்ஃபின் மலத்தைக் கட்டும், கண்மணியைச் சுருக்கும், ஆளை அமைதியாக்கும். பல வாரம் எடுத்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் வயிற்றுப்போக்கு, விரிந்த கண்மணி, நிலைகொள்ளாத பரபரப்பு, மயிர்க்கூச்சம்.

பெரியப்பாவுக்கு நடந்ததும் இதுதான். மெட்டோபுரலால் அட்ரினலினை இதயத்தில் உட்காரவிடாமல் தடுக்கும். இதயம் பதிலுக்கு ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று தடுப்பை எடுத்தால் வழக்கமான அட்ரினலினே பேயறை அறையும். ஏற்கெனவே அடைப்பு இருந்த இதயத்துக்கு அது ஆபத்து.

ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் கெடுபிடி. நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பிரெட்னிசலோன் வெளியிலிருந்து வரத் தொடங்கினால், வேலையாள் வந்த வீட்டில் நமக்குக் கை ஓயாதா, அதுபோல அந்தச் சுரப்பிகள் ஓய்ந்துவிடும். சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம், சிலருக்கு உயிராபத்து வரைக்கும் போகும். ஸ்டீராய்டு மாத்திரைக்காக ஏங்கித் திருடியவர் என்று யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கேஸ் மாத்திரை விஷயம் இன்னொரு பாடம். 2009-ல் டென்மார்க் ஆய்வாளர்கள், வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு 8 வாரம் ஈசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள், மீதிப் பேருக்கு முழுக்க வெற்று மாத்திரை. நிறுத்திய பிறகு வந்த வாரங்களில், மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ வந்தது, மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். அதாவது இல்லாத நெஞ்செரிச்சலை மருந்தை நிறுத்தியதே கொண்டுவந்தது. 'நிறுத்தினா திரும்ப வருது, அதனால எனக்கு வாழ்நாள் முழுக்க வேணும்' என்று மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை டாக்டரிடம் இதைப் பேசிப்பார்க்கலாம்.

மனச்சோர்வு மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சொடுக்கியதுபோல ஓர் உணர்வு. உடம்பில் நெடுநேரம் தங்கும் ஃப்ளூவாக்ஸெட்டினில் இது குறைவு, சீக்கிரம் வெளியேறும் பராக்ஸெட்டினில் அதிகம். இந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்துத்தான் 'பைத்தியக்கார மாத்திரை போட்டா அடிமையாயிடுவே' என்ற பேச்சு பரவுகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்து மாத்திரையே தொடாமல் தவிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மருந்துக்கு ஈடுகொடுக்க உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, மருந்து திடீரென்று போனால் தள்ளாடுகிறது. இது பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கும் வரும், போதை ஊசி போடுபவருக்கும் வரும். ஆகவே தள்ளாட்டத்தை மட்டும் பார்த்து ஒருவரை அடிமை என்று சொல்ல முடியாது.

## அப்படியென்றால் அடிமைநிலை எது?

தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டதும் பிள்ளைகளின் காது விடைக்கும். ஐஸை இன்னும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வாயில் எச்சில் ஊறும், காலில் செருப்பு ஏறும். எது இன்பம் தந்ததோ அதற்கு முன்னால் வந்த ஒலி, வாசனை, இடம், ஆள் எல்லாவற்றையும் மூளை சேர்த்துக் குறித்துவைத்துக்கொள்கிறது. அப்படிக் குறித்துக்கொள்ள உதவும் பொருள்தான் டோப்பமின். இதை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. 'இது முக்கியம், எப்படி வந்தாய் என்று நினைவில் வை, மறுபடி வா' என்று சொல்லும் தண்டோராக்காரன் என்றால் பொருத்தமாக இருக்கும்.

சாப்பாட்டுக்கும் பாராட்டுக்கும் தண்டோரா மெல்ல அடிக்கும். கொக்கைன், ஹெராயின், மது போன்றவை அதை ஓங்கி அடிக்கவைக்கும். சிலருடைய மூளையில், எல்லோருடைய மூளையிலும் அல்ல, மீண்டும் மீண்டும் இப்படி அடிக்கப்பட்டதில் மற்ற எல்லா ஒலியும் அமுங்கிப்போகிறது. 'வேண்டாம், பொறு' என்று சொல்ல வேண்டிய நெற்றிப்பக்க மூளையின் பிடியும் தளர்கிறது. பாரம்பரியத்துக்கு இதில் ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு. மீதி வயது, மன வேதனை, சுற்றுப்புறம், எவ்வளவு எளிதில் கிடைக்கிறது என்பவை.

இந்த நிலையில் இருப்பவரிடம் தெரிவது மூன்று. எடுத்தால் நிறுத்த முடியாது. எடுக்காதபோதும் மனம் அதையே சுற்றும், இதை 'வேட்கை' என்பார்கள். வேலை போய், வீடு உடைந்து, ஈரல் கெட்ட பிறகும், கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வார். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் 'அடிமைநிலை'. மருத்துவர்கள் பார்ப்பது, ஒருவருடைய வாழ்க்கை எதைச் சுற்றி ஓடுகிறது என்பதை.

## ஒன்று இருந்தும் மற்றொன்று இல்லாமல்

மார்ஃபின், ஹெராயின் போன்ற ஓப்பியம் (அபினி) வகை மருந்தைக் கர்ப்பகாலம் முழுக்க எடுத்த தாய்க்குப் பிறக்கும் குழந்தை, பிறந்த சில நாட்களில் நடுங்கும், இடைவிடாமல் அழும், பால் குடிக்காது. அது விலகல் அறிகுறி. குழந்தையின் உடல் அந்த மருந்தைச் சார்ந்திருந்தது. ஆனால் பிறந்த குழந்தையை யாராவது போதை அடிமை என்பார்களா? அது எதையும் தேடவில்லை, எதையும் விரும்பவில்லை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஆன்லைன் ரம்மியில் நகையும் நிலமும் தொலைத்தவர் உடம்பில் எந்த மருந்தும் நுழையவில்லை. கொக்கைனை நிறுத்தினால் ஓப்பியத்தைப்போல வாந்தியும் பேதியும் வருவதில்லை, சோர்வும் நீண்ட தூக்கமும்தான். ஆனாலும் அதன் அடிமைநிலை மிகக் கொடியது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று வியட்நாமிலிருந்து வருகிறது. 1971-ல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் நிறையப் பேர் ஹெராயின் எடுக்கிறார்கள் என்று தெரிந்து அமெரிக்க அரசு கலங்கியது. ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து விசாரித்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், வியட்நாமில் இருந்தபோது அடிமையாகியிருந்ததாகத் தாங்களே சொன்னார்கள். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. உடம்புச் சார்புதான் எல்லாம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. போர்முனையின் அச்சமும் சலிப்பும் இல்லை, மலிவான சரக்கு இல்லை, கூட எடுத்த கூட்டாளி இல்லை. ஐஸ் வண்டி மணி அந்தத் தெருவில் அடிக்கவில்லை.

புப்ரனார்ஃபின் சிகிச்சையும் இதே இடத்தில்தான் புரியாமல் போகிறது. ஹெராயினுக்கு அடிமையானவருக்கு நாக்கின் அடியில் வைக்கும் இந்த மாத்திரையை நம் நாட்டின் அரசு மையங்களிலும் கொடுக்கிறார்கள். அதுவும் ஓப்பியம் குடும்பம்தான். 'ஒரு போதைக்கு இன்னொரு போதை' என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. உடல் சார்பு தொடர்வது உண்மை. ஆனால் மெல்ல வேலை செய்து நீண்ட நேரம் நிற்பதால் தண்டோரா அடிப்பதில்லை. ஆள் வேலைக்குப் போகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார், ஊசியைப் பகிர்வதில்லை. சார்பு இருக்கிறது, அடிமைநிலை அடங்கியிருக்கிறது.

மதுவிலும், பதற்றம் தணிக்கக் கொடுக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளிலும் இரண்டும் சேர்ந்தே வரக்கூடும், அதனால்தான் அவற்றில் குழப்பம் அதிகம். நெடுநாள் எடுத்துவிட்டு இவற்றை வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

## டாக்டர்களும் குழம்பினார்கள்

மேலே சொன்ன அமெரிக்கக் கையேட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்பைத் தயாரித்தபோது, அடிமை என்ற பொருள் தரும் சொல் நோயாளியை இழிவுபடுத்துகிறது என்று கருதி, அடிமைநிலைக்கே 'சார்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த முடிவு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியதாகப் போதை ஆய்வாளர்களான சார்லஸ் ஓ'பிரையனும் நோரா வோல்காவும் இன்னொருவரும் 2006-ல் எழுதினார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வலி மருந்துக்குப் பழகிய புற்றுநோயாளியும் தெருவில் ஊசி போடுபவரும் ஒரே பெயருக்குள் வந்தார்கள். 2013-ல்தான் இது திருத்தப்பட்டது. டாக்டர் சொன்னபடி மருந்து எடுப்பவருக்கு வரும் தாங்குதிறனையும் விலகல் அறிகுறியையும் அடிமைநிலைக்கான அடையாளமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இப்போது தெளிவாக இருக்கிறது.

## குழப்பத்துக்குக் கொடுத்த விலை

சட்டப்படி அபினி பயிரிடும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. அப்படியிருந்தும் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல துறைகளிடம் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். தலைவலி எதற்கு என்று பலர் மார்ஃபினையே கைவிட்டார்கள். புற்றுநோயாளிகள் வலியில் கதறிச் செத்தார்கள். கோழிக்கோட்டில் 1993-ல் வலி தணிப்புச் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இருபது ஆண்டு போராடிய பின், 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டு ஒரே உரிமம் போதும் என்றானது. சட்டம் மாறிவிட்டது. 'மார்ஃபின் வேண்டாம் டாக்டர், அப்பாவுக்குப் பழகிடும்' என்று வார்டு வாசலில் நின்று சொல்லும் பிள்ளைகள் மாறவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இதற்குத் தலைகீழ். 1980-ல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஓப்பியம் வகை மருந்து பெற்ற 11,882 பேரில் அடிமையானதாகப் பதிவானவர்கள் 4 பேர் என்றது. நர்ஸ் கையால் சில நாள் மருந்து வாங்கியவர்களின் கணக்கு அது. அதையே, வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதுபோலத் தூக்கிக் காட்டினார்கள். 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற ஓப்பியம் வகை வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ ஃபார்மா நிறுவனம், கூடுதல் மாத்திரை கேட்டு நச்சரிப்பவர்கூட உண்மையில் வலி தீராதவராக இருப்பார், அளவைக் கூட்டுங்கள் என்ற வாதத்தையும் பரப்பியது. 2007-ல் அந்த நிறுவனத்தின் ஒரு பிரிவு, மருந்தைப் பற்றித் தவறான தகவல் தந்ததாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

ஆகவே 'சார்பு வேறு, அடிமைநிலை வேறு' என்பதை 'இந்த மருந்தால் அடிமைநிலை வராது' என்று யாரும் படித்துவிடக் கூடாது. வலிக்காக எடுப்பவர்களிலும் சிலர் அடிமையாவது உண்டு. அளவும் காலமும் கூடக்கூட, முன்பே வேறு போதைச் சிக்கல் இருந்தால், வாய்ப்பு கூடும். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் 'போதை மாத்திரை' என்று வரும் டேப்பன்டடால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலிக்குக் கொடுக்கப்படும் அதே மாத்திரைதான்.

## நிறுத்தும் விதம்

உடல் சார்புக்குத் தீர்வு எளிது. குடத்தைப் பிடுங்காமல், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் உடம்பும் கூடவே நிமிர்ந்துவிடும். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். சில மருந்துகளுக்குச் சில வாரம், சிலவற்றுக்குப் பல மாதம்.

அடிமைநிலைக்கு அது போதாது. 'பத்து நாள் அட்மிட் பண்ணி உடம்பைச் சுத்தம் பண்ணிட்டோம், இனி சரியாயிடும்' என்று குடும்பங்கள் நம்புகின்றன. அந்தப் பத்து நாளில் தீர்ந்தது தள்ளாட்டம் மட்டும். மூளை குறித்துவைத்தது அப்படியே இருக்கிறது. பழைய தெருமுனை, பழைய கூட்டாளி, சம்பள நாள், ஏதாவது ஒன்று மணியை அடிக்கும். இதில் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லாத ஓர் ஆபத்தும் இருக்கிறது. அந்தச் சில நாட்களில் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. ஹெராயின் அல்லது ஓப்பியம் வகை மாத்திரை எடுத்தவர் வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால், முன்பு தாங்கிய அந்த அளவே மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்தும் போதை நீக்க வார்டிலிருந்தும் வெளிவந்த முதல் சில வாரங்கள் அதனால்தான் மிகவும் பயங்கரமானவை.

பெரியப்பாவிடம் குடத்தைச் சொல்லி, இருக்கையைச் சொல்லி, அரைமணி நேரம் விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டவர் கடைசியில், "அப்ப நான் அடிமையில்ல. குடத்தைப் புடுங்கினவன் அந்தப் பாயசக்காரன்" என்றார். அடுத்த முகூர்த்தத்தில் அந்த உறவுக்காரர் பக்கத்தில் உட்கார வந்தபோது, இலையை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய்விட்டார்.